நாற்பத்து நான்காவது நாக்கு

ஆஸ்பத்திரியில் கையில் கட்டுகிற சனியன் வாய் திறந்து பேசும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒச்சப்பன் அதைக் கட்டவே விட்டிருக்க மாட்டார்.

"மதிப்பிற்குரிய ஒச்சப்பன் அவர்களே, தங்கள் இரத்தச் சர்க்கரை அளவு இருநூற்றுப் பதினெட்டு. இன்று மதியம் சோற்றைக் குறைத்துக்கொள்வது நலம்."

செய்தி வாசிக்கிற பொம்பளைக் குரல். பழமண்டியில் அத்தனை லோடுமேன்களும் திரும்பிப் பார்த்தார்கள். கொய்யாப் பெட்டி மேல் இடது காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்த சீனி ராவுத்தர் சிரித்தார்.

"என்னா மாப்ள, ஒன் பொண்டாட்டி கூட இம்புட்டு மரியாதையா வஞ்சதில்லையே."

"ஒனக்கு எம்புட்டு மாமா?"

சொல்லி வைத்தாற்போல் ராவுத்தர் கைப்பட்டியும் பேசியது. முந்நூற்று நான்கு. ராவுத்தர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் கண்ணில் இல்லை.

"ஒனக்குச் சீனின்னு பேரு வச்ச ஒங்கத்தாவத்தான் மொதல்ல கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒச்சப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அந்தக் காலைப் பார்க்க அவருக்கு மனசு வராது.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு பெட்டி ஆணி ஏறிய கால் அது. ஏறியதே ராவுத்தருக்குத் தெரியாது. செருப்பு நனைந்திருக்கிறதே என்று குனிந்து பார்த்தால் ரத்தம். சர்க்கரை கூடிக்கூடி உள்ளங்கால் மரத்துப் போயிருந்தது. புண் ஆறவில்லை. தோல் ஒட்டினால் காலைக் காப்பாற்றலாம் என்றது ஆஸ்பத்திரி. ஆனால் அங்கே முடிவு சொல்வது டாக்டர் இல்லை, ஆளுக்கொன்று கொடுத்திருக்கிற சிகிச்சை அட்டை. கைப்பட்டியின் கணக்கு அட்டைக்குப் போகும். பத்து நாள் சராசரி நூற்று எண்பதுக்குக் கீழே இருந்தால் தோல் ஒட்டுவார்கள். மேலே இருந்தால் ஒட்டின தோல் பிடிக்காது என்று அட்டையே தீர்மானித்து, முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கு நாள் குறித்துவிடும். டாக்டரிடம் கெஞ்சலாம், காலில் விழலாம். அட்டைக்கு ஏது கால்?

அந்த நேரத்தில்தான் பழக் கம்பெனி வந்து இறங்கியது.

இளவேனில் என்று ஒரு பெண், முப்பது வயசிருக்கும், மண்டி வாசலில் மேசை போட்டு எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எலுமிச்சை அளவில் ஒரு நாவல்பழத்தைக் கையில் தூக்கிக் காட்டினாள். அந்த அளவில் நாவல்பழத்தை ஒச்சப்பன் கண்டதில்லை. அதனாலேயே நம்பவில்லை.

"நாவப்பழத்துல ஒரு துவர்ப்பு இருக்குல்லங்கய்யா, அதுக்குள்ள இருக்கிற சத்துக்குப் பாலிஃபீனால்னு பேரு. சோறு வயித்துல சர்க்கரையா மாறுறத அது மெதுவாக்கும். சாதாரணப் பழத்துல அது கொஞ்சந்தான். இதுல நூறு மடங்கு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, தெனம் ஒரு பழம். நாப்பது நாளு."

"எல்லாருக்குமா?" என்றார் ஒச்சப்பன்.

"எல்லாருக்கும் பழம் உண்டு. ஆனா பாதிப் பேருக்குத்தான் மருந்துப் பழம். மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் பழம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் வேலை செய்யுதான்னு தெரியும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"எதக் குடுக்குறோம்னே தெரியாமக் குடுக்குறியா? எங்க மண்டியில இப்பிடி யாவாரம் பண்ணா மூஞ்சியிலயே பெட்டியத் தூக்கி எறிவோம் தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரிக்கிற ஆட்களை ஒச்சப்பன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுவார். இருந்தாலும் ராவுத்தர் சேர்ந்தார் என்பதற்காகத் தானும் பெருவிரலை நீட்டினார். எலுமிச்சம்பழம் விற்கிற சோணையம்மாளும் சேர்ந்தாள். சர்க்கரையால் அவளுக்கு ஒரு கண் மங்கிப்போய், அடுத்த கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. மண்டியைச் சேர்ந்தவர்கள் மட்டும் இருநூற்றுச் சொச்சம் பேர். இருக்கிற மாத்திரையைத் தொடர்ந்து முழுங்கவேண்டும், அடுத்தவர் பழத்தைத் தொடக்கூடாது. இது ரெண்டும்தான் சட்டம்.

மதியம் பன்னிரண்டானால் ஆளில்லாத வண்டி ஒன்று வந்து நிற்கும். அதில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. அவரவர் பெருவிரலுக்குத்தான் திறக்கும். ராவுத்தரால் நடக்க முடியாதென்பதால் ஒச்சப்பன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் விரலை வைத்துத் திறந்து, ரெண்டு பழத்தையும் துண்டில் போட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கொண்டுவருவார்.

பதினேழு நாள் ஆனது. ஒச்சப்பன் கைப்பட்டி இருநூறு என்றது, நூற்றுத் தொண்ணூறு என்றது, பிறகு நூற்று எழுபத்திரண்டு என்று வாழ்த்தே சொன்னது. ராவுத்தருக்கு முந்நூற்றிலிருந்து இருநூற்றுத் தொண்ணூறு. அதற்குமேல் ஒரு அங்குலம் இறங்கவில்லை.

"எனக்கு வெறும் பழந்தேன் மாப்ள" என்றார் ராவுத்தர். "பரவால்ல. ஒரு காலு மிச்சம் இருக்குல்ல."

ஒச்சப்பன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

பதினெட்டாம் நாள் குழாயடியில், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ராவுத்தர் பழத்தில் ஓரமாக ஒரு கடி கடித்தார்.

ஐம்பது வருஷம் மண்டியில் கிடந்தவர் அவர். மூட்டை தூக்க வந்து, பிற்பாடு நாக்காலேயே பிழைத்தவர். ஒரு லோடு மாம்பழம் வந்து இறங்கினால் முதலாளி விலை பேசுமுன் "ஒச்சப்பன் கிட்ட ஒரு துண்டு குடு" என்பார். மண்டி நாக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயில் போட்டதும் பேசக்கூடாது. முழுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா நிற்கவேண்டும். முதல் ருசி எல்லாப் பழத்திலும் பொய் சொல்லும், பின்னால் வருகிற ருசிதான் நிஜம். கல் வைத்துப் பழுக்கவைத்ததா, மழையில் நனைந்ததா, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும்.

கடித்தார். முழுங்கினார். குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுத் தன் பழத்தைக் கடித்தார். நின்றார்.

வாயில் போட்ட நொடியில் ரெண்டும் ஒன்றுதான். ஆனால் பத்து நிமிஷத்தில் ராவுத்தர் பழம் இனிப்பாய் முடிந்தது. தன்னுடையது அப்படியே நாக்கைப் பிடித்து இழுத்தது. கன்னத்து உள்பக்கமெல்லாம் காய்ந்து, எச்சில் வற்றி, துவர்ப்பென்றால் அப்படியொரு துவர்ப்பு. நூறு மடங்கு துவர்ப்பு என்றுதானே அந்தப் பெண் சொன்னாள்?

அப்படியானால் மருந்து தன்னிடம். வெறும் பழம் அவரிடம்.

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. திரும்பிப் போகும்போது பழத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"என்னடா இது, ஓரத்துல கடிச்சிருக்கு?"

"அணில் கடிச்சிருக்கும் மாமா."

"பூட்டுன பெட்டிக்குள்ள அணிலா?"

"கம்பெனி அணிலு. தின்னு பேசாம."

ராவுத்தர் அவரை ஒரு பார்வை பார்த்தார். தின்றார். பத்து நிமிஷம் எதுவும் பேசவில்லை. அவரும் மண்டிக்காரர்தானே.

அடுத்த நாளிலிருந்து தினமும் குழாயடியில் பழம் கை மாறியது. ராவுத்தருக்கு இருநூற்று அறுபது ஆனது, இருநூற்றுப் பத்து ஆனது. ஒச்சப்பனுக்கு ஏறியது. கைப்பட்டி மண்டி முழுக்கக் கேட்க அவரைக் கண்டித்தது. இருநூற்று முப்பது என்று அது சொன்ன அன்றைக்கு அவர் வடை வாங்கித் தின்றார், அவ்வளவு சந்தோஷம். தன் உடம்பில் ஏறுகிற ஒவ்வொரு எண்ணும் அந்தக் காலுக்குப் போய்ச் சேருகிற மருந்து என்று தோன்றியது.

நாற்பதாம் நாள் ராவுத்தர் சராசரி நூற்று எழுபத்து நான்கு. அட்டை பச்சை காட்டியது. தோல் ஒட்ட அடுத்த செவ்வாய்க்கிழமை என்று நாள் விழுந்தது. ராவுத்தர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் இளவேனில் பெரிய பையோடு மண்டிக்கு வந்தாள். முகமெல்லாம் பல்.

"கவர் பிரிச்சாச்சுங்கய்யா! இப்ப எல்லாருக்கும் சொல்லலாம். சீனி அய்யாவுக்கு மருந்துப் பழம். இருபது நாள் கழிச்சுத்தான் வேலை செய்யும், எப்பிடி எறங்கியிருக்கு பாருங்க! ஒங்களுக்கு வெறும் பழம். அதான் ஒங்களுக்கு ஏறிப்போச்சு."

ஒச்சப்பன் அவள் வாயையே பார்த்தார்.

"மாத்திச் சொல்ற தாயி."

"இல்லைய்யா. இந்தா, பேரு இருக்கு."

"என் பழந்தான் துவர்த்துச்சு."

"ஓ, அதுவா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மருந்துப் பழத்துல துவர்ப்ப ஒறை போட்டு ஒளிச்சு வச்சிருக்கோம். வயித்துக்குள்ள போனப்புறந்தான் ஒடையும். இல்லாட்டி வாயில வைக்க முடியுமா? மொதக் கடியில மட்டும் லேசாத் துவர்க்கும். வெறும் பழத்துல துவர்ப்பே இல்லாமப் போச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கணுமேன்னு அதுல துளியூண்டு படிகாரம் சேத்தோம்."

"சலூன் கடைப் படிகாரமா?"

"சாப்பிடுற படிகாரம்யா, ஒண்ணும் பண்ணாது. இயந்திர நாக்குல வச்சுப் பாத்தோம். ரெண்டும் ஒண்ணுன்னுதான் சொல்லுச்சு."

"ஒன் இயந்திரம் எம்புட்டு நேரம் நின்னு பாத்துச்சு?"

"நேரமா? வச்ச ஒடனே சொல்லிரும்."

ஒச்சப்பன் கொய்யாப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். தலைக்குள் மண்டி இரைச்சல் மாதிரி இருந்தது. மருந்துப் பழம் ராவுத்தருடையது. சரி. அதைப் பதினெட்டாம் நாளிலிருந்து தின்றது நான். எனக்கு ஏறியது. படிகாரப் பழம் என்னுடையது. அதைத் தின்றது ராவுத்தர். அவருக்கு இறங்கியது. அதற்கு முன்னால் பதினேழு நாள் படிகாரத்தைத் தின்றது நான். அப்போது எனக்கு இறங்கியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எந்த விரலில் ஆரம்பித்தாலும் அதே இடத்தில் வந்து முட்டியது.

"தாயி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ரெண்டு பேரு பழத்த மாத்தித் தின்னிருந்தா?"

"அந்த ரெண்டு பேரையும் கணக்குலருந்து அடிச்சிருவோம். அட்டையும் பழையபடி ஆயிரும். மறுபடி நாப்பது நாள் இருக்கணும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்யா?"

ராவுத்தர் காலுக்கு இன்னொரு நாற்பது நாள் இல்லை என்பது அந்தக் காலின் வாடையிலேயே தெரியும்.

"சும்மா கேட்டேன்" என்றார் ஒச்சப்பன்.

வாழ்நாளெல்லாம் கம்பெனிக்காரன் பொய் சொல்வான் என்று சொல்லித் திரிந்தவர். அந்தப் பெண் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய் இப்போது அவர் வாயில்தான் இருந்தது. அது படிகாரத்தைவிட மோசமாக நாக்கை இழுத்தது.

தோல் ஒட்டினார்கள். இரண்டாவது திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்து, பிடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராவுத்தர் கால் விரலை ஆட்டிக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பன் நர்ஸ் போகிறவரை காத்திருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"அணிலப் பத்தியா?"

ஒச்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மொத நாளே தெரியும்டா. எனக்கும் நாக்கு இருக்குல்ல. எனக்காக மருந்தக் குடுக்குறான் கிறுக்கன்னு நெனச்சேன். வேணாம்னா ஒம் மனசு கோணும். ஒரு காலுக்காக ஒன்னக் கொல்றமோன்னும் இருந்துச்சு. ஆனாலும் தின்னுட்டேன்."

"அது மருந்து இல்ல மாமா. படிகாரம்."

முழுசாகச் சொன்னார். ராவுத்தர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப எனக்கு எப்பிடிடா எறங்குச்சு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"ஒண்ணு சொல்லவா? அந்தப் பழத்தத் தின்னா வாயி காஞ்சு போயிரும். சோறு எறங்காது. ரெண்டு வாய் பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சிருவேன்."

ஒச்சப்பன் யோசித்தார். அவருக்கும் முதல் பதினேழு நாள் அப்படித்தான். பழம் மாறிய பிறகு நன்றாகப் பசித்தது. ரெண்டு தட்டுச் சோறு. வடை வேறு.

"அப்ப மருந்துப் பழம் வேலையே செய்யலையா?"

"எனக்குத் தெரியுமா? நாந்தான் பதினேழு நாளுக்கு மேல திங்கலையே. இருபது நாளுக்கு அப்புறந்தான் எறங்கும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு."

"நான் இருபத்து மூணு நாள் தின்னேன். எறங்கல."

"நீ வடையும் தின்னியே."

சன்னலுக்கு வெளியே சுவரில் புதிதாக ஒரு விளம்பரம் மின்னி மின்னி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் முதல் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் பழம். ராவுத்தர்தான் அதைப் படித்துச் சொன்னார்.

"மாத்திரைக்குப் பதிலாவா? கூட இல்லையா?"

"பதிலாத்தான் போட்டிருக்கு."

"அப்பச் சொல்லிற வேண்டியதுதான் மாமா."

"ஒட்டுன தோல உரிக்கவா போறாங்க? போ, சொல்லிட்டு வா."

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஒச்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டுக்கொண்டு கம்பெனி ஆபீஸ் படியேறினார். இளவேனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அன்றைக்கு இருந்த பல் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு.

"தாயி, நாங்க பழத்த மாத்தித் தின்னுட்டோம். நாந்தேன் மாத்துனேன். ராவுத்தர் மேல தப்பில்ல."

அவள் அதிரவில்லை. மேசை மேல் இருந்த தாளில் ஒரு கோடு போட்டாள்.

"நாப்பத்து நாலு" என்றாள்.

"என்னது?"

"நீங்க நாப்பத்து நாலாவது ஆளுங்கய்யா. எல்லாரும் ஒரே மாதிரிதான் வர்றாங்க. கதவச் சாத்திட்டு, 'நான் மட்டும் ஒரு தப்புப் பண்ணிட்டேன்'ங்கிறாங்க. மண்டியில எல்லாரும் ருசி பாத்திருக்கீங்க. துவர்ப்பு ஜாஸ்தியா இருக்கறதுதான் மருந்துன்னு முடிவு பண்ணி, யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்குக் குடுத்திருக்கீங்க. பொண்டாட்டிக்கு, மச்சானுக்கு, பக்கத்துக் கடைக்காரருக்கு. எங்க இயந்திரத்துக்குத் தெரியாத வித்தியாசம் மண்டி நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு."

ஒச்சப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது அந்த இடத்தில் வரக்கூடாத பெருமை என்பதால் முழுங்கிக்கொண்டார்.

"இதுலயும் ஒண்ணு கவனிச்சேன்" என்றாள் அவள். "எல்லாரும் ஆபரேஷன் முடிஞ்சப்புறந்தான் வர்றீங்க. வேலை ஆகறதுக்கு முன்னாடி ஒருத்தர் வரல."

அவர் தரையைப் பார்த்தார்.

"நான் கொறை சொல்லலைய்யா. எங்கப்பாவுக்கா இருந்தா நானும் அப்பிடித்தான். ஆனா வராதவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாதே. வெளம்பரத்த முன்கூட்டியே போட்டுட்டாங்க, அறிக்கை வெள்ளிக்கிழமை போகணும். பழம் வேலை செய்யுதுன்னு எழுதுனா ஊரெல்லாம் மாத்திரைய நிறுத்திருவாங்க. செய்யலன்னு எழுதுறதுக்கும் கையில ஆதாரம் இல்ல. படிகாரம் வேலை செய்யுதுன்னு எழுதுனா என்னையப் பைத்தியம்பாங்க." குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது மருந்துப் பழம். இதுல மருந்து இருக்காய்யா? இயந்திரத்த விட்டுட்டேன். ஒங்க நாக்கக் கேக்குறேன்."

விளையாடுகிறாளா என்று பார்த்தார். இல்லை. கடித்தார். முழுங்கினார். பத்து நிமிஷம் நின்றார். அவளும் மணியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். இனிப்பு வந்தது, போனது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக நாக்கு வாயில் சும்மா கிடந்தது.

"தெரியலம்மா."

"தெரியலயா?"

"தெரியல. அதையே எழுது. எனக்கே இன்னைக்குத்தான் அந்தச் சொல்லு வாயில வந்துருக்கு. படிச்ச புள்ள, ஒனக்கு என்ன வெக்கம்? தெரியலன்னு எழுதிட்டு, யாரும் மாத்திரைய நிறுத்த வேணாம்னு கீழ எழுது."

"அப்பிடி எழுதுனா இன்னும் ஆபரேஷன் ஆகாதவங்க அட்டையெல்லாம் பழையபடி ஆயிருமேய்யா."

"எம்புட்டுப் பேரு?"

அவள் வேறு தாளைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகப்போறது அஞ்சு பேருக்கு. அதுக்கப்புறம் மூணு பேருக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலமா அனுப்பு. காலையில அனுப்பாத."

"அந்த மூணு பேரு?"

ஒச்சப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வாசல் படியில் சோணையம்மாள் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அட்டை பச்சை காட்டி அவள் கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் என்பது மண்டி முழுக்கத் தெரியும்.

"யாரு, ஒச்சப்பண்ணனா? இங்க என்ன சோலி?"

"சும்மா வந்தேன். நீ?"

"நானும் சும்மாத்தேன்." முறுக்கிய முந்தானையை அவிழ்த்தாள். மறுபடி முறுக்கினாள். "மூணு நாளா ஒறக்கமே இல்லண்ணே. அந்தப் புள்ளயப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன். எந் தங்கச்சி பழத்துல..."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" ஒச்சப்பன் குரலை உயர்த்திவிட்டார். "அந்தப் புள்ள உள்ள இல்ல. ஊருக்குப் போயிருச்சு."

"அய்யய்யோ. எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை காலையில வா. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வராத. வந்தாலும் ஆள் இருக்காது."

சோணையம்மாள் தலையைத் திருப்பி ஆபீஸ் சன்னலைப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள்.

"உள்ள வெளக்கு எரியிற மாதிரி இருக்கேண்ணே. யாரோ உக்காந்திருக்கற மாதிரியும் இருக்கு."

ஒச்சப்பனும் பார்த்தார். இளவேனில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது பளிச்சென்று தெரிந்தது.

"ஒனக்குத்தான் கண்ணு சரியில்லையே" என்றார். "வா, மண்டிக்குப் போவோம்."